தாடைத் தகடு வாங்கும் முன் பிள்ளையின் வாயைப் பாருங்கள்: சேலம் மாவட்ட ஓட்டப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் அவர்களுக்கும், காந்தி மைதானத்திலும் ஏற்காடு மலைச்சாலையிலும் பிள்ளைகளை ஓடவைத்து ஆளாக்கும் பயிற்சியாளர்களுக்கும், பள்ளி, கல்லூரி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நெடுந்தூரம் ஓடுகிற, மலையில் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகளுக்காக இப்போது ஒரு பொருள் விற்பனைக்கு வந்திருக்கிறது. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களின் மேல் மாட்டும் மெல்லிய மவுத்பீஸ், அதாவது தாடைத் தகடு. தாடையைச் சரியான இடத்தில் நிறுத்தும், தொண்டை விரியும், லாக்டேட் (கடும் உழைப்பில் ரத்தத்தில் கூடும் பொருள்) குறையும், களைப்பு தள்ளிப்போகும் என்று விளம்பரம் சொல்கிறது. வெந்நீரில் போட்டுக் கடித்து அமைத்துக்கொள்ளும் வகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பல் அச்சு எடுத்துச் செய்தால் ஆயிரக்கணக்கில் போகும். "சார், வாங்கிக் கொடுக்கலாமா?" என்று பெற்றோர் உங்களிடம் கேட்கிறார்கள், எங்களிடமும் கேட்கிறார்கள். சேலத்தில் பல் மருத்துவம், பிசியோதெரபி, ஓட்டப் பயிற்சி ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நெடுந்தூர ஓட்டத்தில் மவுத்பீஸ் நேரத்தைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. வளரும் பிள்ளைகளை அதை வாங்கச் சொல்லாதீர்கள். ஆனால் அந்தப் பேச்சால் எல்லோருடைய கவனமும் வாய்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, அது நல்லது. சொத்தைப் பல், வீங்கிய ஈறு, பாதி முளைத்த ஞானப்பல், மேடு ஏறும்போது பல்லைக் கடிக்கும் பழக்கம் எல்லாம் ஓட்டத்தைக் கெடுப்பவை. அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு நல்ல மவுத்பீஸின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு.

தாடையின் அமைப்பிலிருந்து தொடங்குகிறோம். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவது தாடை மூட்டு. நாம் சும்மா இருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாது, இடையில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். விழுங்கும்போதும் மெல்லும்போதும் மட்டுமே பற்கள் சந்திக்க வேண்டும். களைத்துப்போன ஓட்டக்காரர் பல்லைக் கடிக்கும்போது கன்னத்துத் தசையும் பொட்டுத் தசையும் இறுகுகின்றன. கூடவே கழுத்து இறுகும், தோள் காதை நோக்கி ஏறும், கை வீச்சு குறுகும். மவுத்பீஸ் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மெத்தை வைத்து, முழுக்கடி விழாமல் தடுக்கிறது. சில வகைகள் கீழ்த்தாடையைச் சற்று முன்னுக்கும் தள்ளுகின்றன. பொருளின் வேலை இவ்வளவுதான். இதனால் நேரம் குறையுமா என்பது தனிக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. நியூயார்க் பல் மருத்துவர் ஹெரால்டு கெல்ப் பிரபலமாக்கிய தாடைத் தகடு 1970களில் அமெரிக்க விளையாட்டு வீரர்களிடம் பரவியது. 1980இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக் காலத்தில் பனிப்பாதையில் மல்லாந்து படுத்துச் சறுக்கும் லூஜ் விளையாட்டின் அமெரிக்க வீரர்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். தலைவலி குறைந்தது, தள்ளும் வலு கூடியது என்று அறிக்கை வந்தது. அடுத்து, நிஜத் தகட்டோடு கடியை மாற்றாத போலித் தகடு ஒன்றையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அப்போது பல ஆய்வுகளில் வலுவில் வேறுபாடு தெரியவில்லை. வாயில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது நமக்கு உதவும் என்ற நம்பிக்கையே பலனில் பெரும்பங்கு என்று புரிந்தது.

2009இல் தென் கரோலினாவின் சிட்டாடல் கல்லூரி ஆய்வாளர்கள் பேச்சை மறுபடி தொடங்கிவைத்தார்கள். மவுத்பீஸ் அணிந்து 30 நிமிடம் ஓடிய மாணவர்களுக்கு லாக்டேட் குறைவாக இருந்தது, தொண்டைப் பகுதி சற்று அகன்றது என்றார்கள். இன்றைய விளம்பரங்கள் பல இந்த ஒரு சிறிய ஆய்வின் மேல்தான் நிற்கின்றன. மறுபக்கமும் இருக்கிறது. 1991இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அடிபடாமல் பல்லைக் காக்கும் மவுத்கார்டு அணிந்து கடுமையாக உழைத்தவர்களுக்கு உள்ளே போகும் காற்றின் அளவே குறைந்தது. அதற்குப் பிறகு கடையில் வாங்கும் வகைகளை வைத்துச் செய்த சோதனைகளில் பெரும்பாலும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

பல்லைக் கடித்தால் வலு கூடும் என்பது பொய்யில்லை, ஆனால் அது வேறு விளையாட்டுக்கு உரியது. முழங்காலில் சுத்தியால் தட்டிப் பார்க்கும்போது மருத்துவர் பல்லைக் கடிக்கவும் கைகளைக் கோத்து இழுக்கவும் சொல்வது ஹங்கேரி மருத்துவர் யெண்ட்ராசிக் கண்டுபிடித்த வழி. அதனால் கால் துள்ளல் கூடும். குண்டு எறிதல், பளுதூக்குதல், நின்ற இடத்திலிருந்து குதித்தல் போன்ற ஒரு நொடி வேலைக்கு அது உதவலாம். 10,000 மீட்டரில் பதினெட்டாவது சுற்றில் இருப்பவருக்குத் தேவை நேர் எதிரானது: தேவையில்லாத தசை எதுவும் இறுகக் கூடாது.

மூச்சுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நிமிடத்துக்குச் சுமார் 35 லிட்டர் காற்று வரை மூக்கு சமாளிக்கும். அதற்குமேல் பெரும்பாலோர் வாயையும் திறந்துவிடுவார்கள். போட்டி வேகத்தில் நன்கு பயின்ற இளைஞருக்கு 100 லிட்டருக்கு மேல் தேவைப்படும், வாய் நன்றாகத் திறந்தே இருக்கும். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு அடைபடுபவருக்குக் கீழ்த்தாடையை முன் தள்ளும் கருவி உண்மையாகவே உதவுகிறது. அதே வாதத்தை விழித்து ஓடுகிறவருக்குப் பொருத்துகிறார்கள். ஓடும்போது தொண்டையை விரித்துப் பிடிக்கும் தசைகள் முழு வேலையில் இருக்கின்றன. ஆரோக்கியமான பிள்ளையின் எல்லையை வைப்பது பெரும்பாலும் இதயம் தள்ளும் ரத்தமும், அந்த ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும், தசை அதை எடுத்துக்கொள்ளும் திறனும்தான். தொண்டையின் அகலம் அங்கே கடைசி வரிசையில் நிற்கிறது.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மவுத்பீஸுக்குத் தகுதியில்லாத நற்பெயர் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சித்திரையில் கீழே 38, 40 டிகிரி அடிக்கும்போது மேலே 30ஐத் தாண்டுவது அரிது. வெயிலில் ஓடினால் தோலுக்கும் ரத்தம் போக வேண்டும், வியர்வையில் ரத்தத்தின் நீர் அளவு குறையும். அதே வேகத்துக்கு இதயம் பத்துத் துடிப்பு வரை கூடுதலாக அடிக்கலாம். மலைமேல் வெப்பச் சுமை குறைவு. ஆனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் முழுவேக ஓட்டம் சற்று மந்தப்படும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ஒரு பையனை முதல் வாரம் மவுத்பீஸ் இல்லாமல் மைதானத்தில் மாலை நாலரை மணிக்கு ஓடவிட்டு, அடுத்த வாரம் மவுத்பீஸோடு ஏற்காடு ஏரிச் சாலையில் காலை ஆறு மணிக்கு ஓடவிட்டால், துடிப்பு குறைந்தே தெரியும். குறைத்தது குளிர். பெயர் மவுத்பீஸுக்குப் போகும். அந்தப் பையனின் அப்பா பணம் கொடுப்பார், அடுத்து பத்துப் பேர் வாங்குவார்கள்.

ஏற்கெனவே ஒருவர் வாங்கிவிட்டார், பலன் உண்டா என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும் என்றால் ஒழுங்கான வழி இருக்கிறது. 18 வயது தாண்டிய, பல்லும் தாடையும் நலமாக உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நிலைகள் வேண்டும்: வாயில் ஒன்றும் இல்லாமல், வாங்கிய மவுத்பீஸோடு, பார்க்க அதே மாதிரி இருந்து கடியை உயர்த்தாத மெல்லிய போலியோடு. அந்தப் போலியைப் பல் மருத்துவர் 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளில் செய்து தருவார். எது நிஜம், எது போலி என்று ஓடுபவருக்குச் சொல்லக் கூடாது. ஸ்டாப்வாட்ச் பிடிப்பவருக்கும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு நிலையிலும் இரண்டு ஓட்டம், மொத்தம் ஆறு காலைகள், இடையில் குறைந்தது 48 மணி நேரம். வரிசை இப்படி இருக்கட்டும்: ஒன்றுமில்லாமல், நிஜம், போலி, போலி, நிஜம், ஒன்றுமில்லாமல். அப்போதுதான் இரண்டு வாரத்தில் உடல் இயல்பாகத் தேறிவருவது ஒரு பக்கமாகவே கணக்கில் ஏறாது.

ஆறு ஓட்டமும் ஒரே 400 மீட்டர் டிராக்கில், ஒரே நேரத்தில், ஒரே ஷூவில் நடக்க வேண்டும். காலை ஆறு மணி என்றால் ஆறும் ஆறு மணிக்கே. முந்தைய இரவுச் சாப்பாடு, தூக்கம், காலைக் காபி எல்லாம் ஒரே மாதிரி. 15 நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டு 12 சுற்று, அதாவது 4,800 மீட்டர், கட்டிவைத்த வேகத்தில் ஓடட்டும். 5,000 மீட்டரை 18 நிமிடத்தில் முடிப்பவருக்குச் சுற்றுக்கு 98 விநாடி பொருந்தும். 200 மீட்டருக்கு ஒருமுறை, 49ஆவது விநாடியில், விசில் கொடுங்கள். மார்பில் கட்டும் பட்டையில் துடிப்பை எடுங்கள். மணிக்கட்டு வாட்ச் வியர்வையிலும் கை ஆட்டத்திலும் தவறும். கடைசி நான்கு சுற்றின் சராசரித் துடிப்பைக் குறியுங்கள். முடித்த உடனே "எவ்வளவு கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டு 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலில் ஒரு எண் வாங்குங்கள். பத்து நிமிடம் நடந்து இளைப்பாறிய பின் 1,000 மீட்டர் முழுவேகம். லாக்டேட் மீட்டர் கிடைத்தால் பயன்படுத்தலாம், ஆனால் வியர்வையிலேயே லாக்டேட் இருக்கிறது. விரலைக் கழுவித் துடைத்துக் காயவைத்து, முதல் சொட்டைத் துடைத்தெறிந்து இரண்டாவது சொட்டில் எடுக்காவிட்டால் எண் தாறுமாறாக ஏறும்.

முடிவைப் படிக்கும் முறைதான் முக்கியம். ஒரே நிலையில் ஓடிய இரண்டு நாட்களுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்று முதலில் பாருங்கள். 1,000 மீட்டரில் அது இரண்டு மூன்று விநாடி இருந்தால், மவுத்பீஸ் கொடுத்ததாகச் சொல்லும் ஒன்றரை விநாடிக்குப் பொருள் இல்லை. ஒன்றுமில்லாததைவிட நிஜமும் போலியும் சம அளவில் உதவினால் வேலை செய்தது மனம். இரண்டையும் தெளிவாக மிஞ்சி நிஜம் நின்றால் மட்டும் அவருக்கு அது உதவுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவும் அவர் ஒருவருக்குத்தான், அணி முழுவதற்கும் இல்லை.

மவுத்பீஸ் தவறாகப் போவது எங்கே என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெந்நீர் வகையில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் வீட்டு அடுப்படியில் பிறப்பவை. கொதிக்கும் தண்ணீரை இறக்கி அரை நிமிடம் விட்டு, பெட்டியில் போட்டிருக்கும் நேரம் மட்டும் முக்க வேண்டும். கரண்டியால் எடுத்து, பச்சைத் தண்ணீரில் ஒரு நொடி காட்டி, பல்லில் வைத்து மெதுவாகக் கடித்து, உள்ளே உறிஞ்சி, வெளியே கன்னத்திலிருந்து விரலால் அழுத்த வேண்டும். பிள்ளைகள் அழுத்திக் கடித்துவிடுவார்கள். கடைவாய்ப் பகுதி காகிதம்போல் மெலிந்து, சில வாரத்தில் ஓட்டை விழும். ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் மெலிவாகவும் அமைந்தால் தாடை கோணலாக மூடும். அப்படி ஒரு மாதம் ஓடியவருக்கு இல்லாத தாடை வலி வந்து சேரும். பல் மருத்துவரிடம் நிறத்தாள் இருக்கிறது. அதைக் கடிக்கச் சொன்னால் இருபுறமும் சமமாகப் படிகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அளவெடுத்துச் செய்வது இதைவிடப் பத்திரம். அச்சு எடுத்து, கல் மாவில் மாதிரி வார்த்து, அதன் மேல் எத்திலீன் வினைல் அசிடேட் என்ற வளையும் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இழுத்துப் படியவைப்பார்கள். நாக்குக்கு இடம், உதட்டை ஈறோடு இணைக்கும் மடிப்புக்கு இடம் விட்டு ஓரத்தை மழுக்குவார்கள். எந்த வகையானாலும் மூன்று சோதனை செய்யுங்கள். வாயை நன்றாகத் திறந்தால் கழன்று விழக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டே ஒரு பத்தியைத் தெளிவாக வாசிக்க முடிய வேண்டும். நடந்துகொண்டே தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். கடைசி ஒரு கிலோமீட்டரில் மூச்சிரைத்து ஓடும் பிள்ளையின் வாயில் தளர்ந்த துண்டு இருந்தால் தொண்டையில் போய் அடைக்கும். தளர்ந்தால், கிழிந்தால் அன்றே தூக்கி எறியச் சொல்லுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் வைத்தால் வளைந்து உருமாறும். பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் சோப்பும் போதும், காற்றோட்டமுள்ள டப்பாவில் வைக்கலாம்.

எங்களை மிகவும் கவலைப்படவைப்பது இன்னொன்று. கடைவாய்ப் பற்களை மட்டும் மூடும் தகட்டை ஓட்டத்துக்கு வெளியேயும், படிக்கும்போதும் தூங்கும்போதும், "பழகட்டும்" என்று நாள் முழுக்கப் போட்டிருந்தால், மூடிய பற்கள் மெல்ல உள்ளே அழுந்தும், மூடாத முன்பற்கள் வளர்ந்து வரும். சில மாதங்களில் தகட்டைக் கழற்றினால் கடைவாய் சேராது, சாப்பாட்டை அரைக்க முடியாது. அதைத் திரும்பச் சரிசெய்ய நீண்ட சிகிச்சை வேண்டும். பால் பல்லும் நிலைப்பல்லும் கலந்திருக்கும் 6 முதல் 12 வயதில் இது இன்னும் ஆபத்து. பல் முளைக்கும் வழியையே மாற்றிவிடும். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர், அந்த மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாட்டக் கூடாது. தாடையை முன்னே தள்ளும் எதையும் பயிற்சியாளர் பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்போது உண்மையாகவே நேரத்தைத் தின்னும் விஷயத்துக்கு வருகிறோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 302 வீரர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். 55 சதவீதம் பேருக்குச் சொத்தை, 45 சதவீதம் பேருக்கு அமிலத்தால் பல் கரைதல். தங்கள் வாய்நலம் பயிற்சியையோ போட்டியையோ பாதித்தது என்று சொன்னவர்கள் 18 சதவீதம். உலகின் சிறந்த வீரர்களிடமே இந்த நிலை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 35 நெடுந்தூர வீரர்களை விளையாட்டில் ஈடுபடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வீரர்களுக்குப் பல் கரைதல் அதிகம் இருந்தது. வாரப் பயிற்சி நேரம் கூடக்கூடச் சொத்தையும் கூடியிருந்தது.

காரணம் எளிது. மணிக்கணக்கில் வாயால் மூச்சுவிட்டால் எச்சில் வற்றும். எச்சில்தான் அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காக்கிறது. வற்றிய வாயில் எலுமிச்சை சர்பத்தையும் குளுகோஸ் தண்ணீரையும் விளையாட்டு பானத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்காக உறிஞ்சுகிறார்கள். புளிப்பைக் காட்டும் pH எண் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5க்குக் கீழே போனால் பல் மேற்பூச்சு கரையத் தொடங்கும். விளையாட்டு பானங்கள் பல 4க்கும் கீழே, எலுமிச்சை அதற்கும் கீழே. நம் வெயிலில் குடிக்காமல் இருக்க முடியாது, குடிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்குமேல் போனால் இனிப்புப் பானத்தை வாயில் வைத்துச் சுழற்றாமல் மடமடவென்று விழுங்கி, உடனே ஒரு வாய்த் தண்ணீரால் கொப்பளிக்கட்டும். ஓட்டம் முடிந்து உப்புப் போட்ட மோர் குடிப்பது நல்லது. மோரும் புளிப்புதான், ஆனால் அதிலுள்ள கால்சியம் பல்லைக் கரையவிடாது. பல் தேய்ப்பது ஓட்டத்துக்கு முன்னால் இருக்கட்டும். புளிப்பு குடித்த உடனே தேய்த்தால் இளகிய மேற்பூச்சு பிரஷோடு போய்விடும், அரை மணி நேரமாவது கழியட்டும்.

நம் பக்கத்தில் சில ஊர்களில், தருமபுரி எல்லையை ஒட்டி, நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பழுப்புப் படிந்த, குழி விழுந்த பற்களோடு வரும் பிள்ளைகள் அங்கிருந்து வருகிறார்கள். அந்தக் கறை சொத்தை இல்லை, பிள்ளையின் அசிரத்தையும் இல்லை. தயவுசெய்து அதற்காக யாரையும் திட்டாதீர்கள். குழியில் உணவு தங்குகிறதா என்று மட்டும் பல் மருத்துவர் பார்க்கட்டும்.

ஞானப்பல் 17 வயதிலிருந்து முளைக்கும். கல்லூரி, மாநிலப் போட்டிகளில் ஓடும் வயதும் அதுதான். பாதி முளைத்து மேலே ஈறு மூடியிருந்தால் அடியில் உணவு சிக்கி வீங்கும். வாய் திறக்காது, காய்ச்சல் வரும், ஒரு வாரப் பயிற்சி போய்விடும். போட்டிக்கு முந்தைய வாரம் அதைப் பிடுங்கவும் முடியாது. பிடுங்கினால் சில நாட்கள் கடும் உழைப்பு கூடாது. ஆகவே பருவம் தொடங்கும் முன்பே எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, எடுக்க வேண்டியதை ஓய்வு மாதத்தில் எடுத்துவிட வேண்டும். பல்வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. வலியோடு வருபவரை அன்று ஓடவிடாதீர்கள்.

தாடை மூட்டை நீங்களே பார்க்கலாம். பிள்ளை தன் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் நெட்டுக்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்கட்டும். நுழைந்தால் திறப்பு சரி. இரண்டோடு நின்றால், அல்லது திறக்கும்போது தாடை ஒருபக்கம் இழுத்தால் அனுப்பிவையுங்கள். வலியில்லாத 'டக்' சத்தம் மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காலையில் எழும்போது பொட்டு வலி, தேய்ந்து தட்டையான பல் நுனி, நாக்கு ஓரத்தில் பல் தடம் மூன்றும் இருந்தால் இரவில் பல்லைக் கடிக்கிறார். அதற்கு இரவில் போடும் கெட்டியான முழுத் தகடு உண்டு. அதைப் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது.

பகலில் கடிப்பவருக்குத் தகடே வேண்டாம், பழக்கம் போதும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவின் எண் பலகையும் ஒரு நினைவூட்டலாக இருக்கட்டும்: நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால், பற்கள் பிரிந்து, உதடு தளர்ந்து, தோள் கீழே, ஒரு நீண்ட வெளிமூச்சு. நான்கு வாரம் வாரத்துக்கு ஒருமுறை ஏறினால் பலருக்கு இது தானாகவே வரும். சைக்கிளில் ஏறுபவர்கள் கழுத்தை முன்னால் நீட்டித் தாடையைத் துருத்துவார்கள். ஹேண்டிலைச் சற்று உயர்த்தினாலே பாதி சரியாகும். பேருந்து வரும் வளைவுகள் அவை, விடிந்த உடனே ஏறி முடிப்பது நல்லது.

"மூச்சு வாங்குது சார்" என்று சொல்லும் பிள்ளைக்கு மவுத்பீஸ் தேடும் முன் வேறு சிலவற்றைப் பாருங்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு ஒரு ஊசிக் குத்துதான். ஓட்டம் முடிந்த பின் இருமலும் இழுப்பும் வந்தால் ஆஸ்துமா வகை. உச்ச வேகத்தில் மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்தால் குரல்வளை குறுகுகிறது, அதற்கு இன்ஹேலர் பலிக்காது, மூச்சுப் பயிற்சி வேண்டும். எப்போதும் வாய் திறந்தே இருக்கும் சிறுபிள்ளைக்கு மூக்குச் சதையும் ஒவ்வாமையும் பார்க்க வேண்டும்.

அடிபடும் விளையாட்டுகளில் மவுத்கார்டு கட்டாயம் என்பதே எங்கள் கருத்து. ஹாக்கி, குத்துச்சண்டை, கபடி ஆடும் பிள்ளைகளுக்கு முன்பற்களை மூடும், 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள, மேல்தாடையில் மாட்டும் கார்டு வேண்டும். மவுத்பீஸுக்கு ஒதுக்க நினைக்கும் பணம் இருந்தால் முதலில் அங்கே போகட்டும்.

உங்களிடம் கேட்பது இவை. முதலமைச்சர் கோப்பைக்கும் விடுதித் தேர்வுக்கும் நிரப்பும் உடற்தகுதிப் படிவத்தில் வாய்க்கு ஐந்து வரி சேருங்கள்: வலியுள்ள பல் அல்லது சொத்தை, ஈறில் ரத்தம், மூன்று விரல் திறப்பு, ஞானப்பல் நிலை, தாடை வலி. 18 வயதுக்கு உட்பட்ட மாணவர்களைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் தேசியச் சிறார் நலத் திட்டக் குழுவின் பட்டியலில் சொத்தைப் பல்லும் இருக்கிறது. விளையாட்டுப் பிள்ளைகளைப் பருவம் தொடங்க மூன்று மாதம் முன்பே அவர்களிடம் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். சிகிச்சை தேவைப்படுபவர்களை அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அனுப்பி, முடிந்ததா என்று ஒரு மாதத்தில் கேளுங்கள். எந்த மவுத்பீஸையும் மைதானத்தில் விற்கவோ விளம்பரப்படுத்தவோ அனுமதிக்கும் முன், மேலே சொன்ன ஆறு காலைச் சோதனையின் எண்களைக் கேட்டு வாங்குங்கள். சோதனைக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்க, போலித் தகடு செய்துதர, பிள்ளைகளின் வாயைப் பார்க்க நாங்கள் ஞாயிறு காலைகளில் சம்பளம் இல்லாமல் வருகிறோம்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு பகுதியில் பணியாற்றும் பல் மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள், ஓட்டப் பயிற்சியாளர்கள்